பூச்சிகளிடம் கற்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

ஒரு தாயின் கேள்வி இது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. ‘பூச்சிகள் கற்றுத்தரும் வாழ்க்கைப் பாடங்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எறும்பிடம் சுறுசுறுப்பு, தேனீயிடம் ஒற்றுமை, பட்டாம்பூச்சியிடம் பொறுமை என்று எல்லாப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். வேறு ஏதாவது உண்டா, அல்லது எல்லாமே மேடைக்காகச் சொல்லும் பேச்சா என்று கேட்கிறார்.

நிறைய உண்டு, அம்மா. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் பூச்சியைப் பார்த்து எழுதியவை அல்ல. பாடத்தை முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு பூச்சியைப் பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். பூச்சியின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லியிருப்பது வேறு; பல இடங்களில் நேர் எதிர். உங்கள் மகள் அதைப் பேசினால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எறும்பிலிருந்து தொடங்குகிறேன். உணவைச் சேமித்து வைக்கும் எறும்பு, பாடித் திரிந்துவிட்டுப் பட்டினியோடு அதன் வாசலில் நிற்கும் வெட்டுக்கிளி என்ற கதையைப் படிக்காத பிள்ளை கிடையாது. கிரேக்கத்திலிருந்து வந்த கதை; பழைய வடிவத்தில் வெட்டுக்கிளியின் இடத்தில் சில்வண்டு இருந்தது. தெற்கு பிரான்ஸில் வாழ்நாள் முழுவதும் பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்த ழான் ஆன்றி ஃபாப்ர் (1823–1915) என்ற ஆசிரியருக்கு இந்தக் கதை மேல் தீராத கோபம். அவர் கண்டது இது: கொளுத்தும் கோடையில் சில்வண்டு தன் ஊசி வாயால் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு உறிஞ்சுகிறது. கசியும் சாற்றை மோப்பம் பிடித்து எறும்புகள் வருகின்றன. முதலில் ஓரமாக நின்று நக்குகின்றன. பிறகு சில்வண்டின் காலைக் கடிக்கின்றன, இறக்கையைப் பிடித்து இழுக்கின்றன, முதுகில் ஏறுகின்றன. தொல்லை தாங்காமல் அது பறந்துபோக, ஊற்று எறும்புகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. கிணறு வெட்டியது ஒருவர், தண்ணீர் குடித்தது வேறொருவர். நீதிக்கதையில் நல்ல பெயர் வாங்கியது குடித்தவர்.

சரி, சுறுசுறுப்பாவது உண்மையா? பாதி உண்மை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்போனோ, அன்னா டோர்ன்ஹாஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பாறை இடுக்குகளில் வாழும் ஒரு சிற்றெறும்பு இனத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எறும்பின் மீதும் வண்ணப் புள்ளிகள் வைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கூட்டில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தன. உணவு தேடவில்லை, குஞ்சுகளைப் பார்க்கவில்லை, கூட்டைச் சீர்செய்யவில்லை. நின்றன, அவ்வளவுதான். அடுத்து, கடுமையாக உழைத்துக்கொண்டிருந்த எறும்புகளைக் கூட்டிலிருந்து அகற்றினார்கள். ஒரு வாரத்துக்குள் சும்மா நின்றவற்றில் சில அந்த வேலைகளை ஏற்றுக்கொண்டன. இதையே திருப்பிச் செய்தபோது, அதாவது சும்மா நின்றவற்றை அகற்றியபோது, அவற்றின் இடத்துக்கு யாரும் வரவில்லை. 2017இல் வெளியான ஆய்வு இது. கூட்டில் சும்மா இருப்பவர்கள் கைக்காவலாக இருப்பவர்கள் என்பது அதன் முடிவு. ஓர் அலுவலகத்திலோ வீட்டிலோ எல்லோருடைய எல்லா மணி நேரமும் நிரம்பி வழிந்தால், ஒருவர் காய்ச்சலில் படுக்கும் நாளில் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அதே அரிசோனாப் பக்கத்துப் பாலைநிலத்தில் விதை சேகரிக்கும் சிவப்பு எறும்பு ஒன்று இருக்கிறது. டெபோரா கோர்டன் என்ற ஆய்வாளர் 1980களிலிருந்து ஒரே இடத்தில் அவற்றின் புற்றுகளைப் பின்தொடர்ந்து வருகிறார். அந்த எறும்புகளுக்கு ஒரு சிக்கல். வெயிலில் விதை தேடிப் போனால் உடலின் ஈரம் வற்றும். அந்த ஈரத்தைத் திரும்பப் பெற வழியோ, கொண்டு வரும் விதையிலிருந்துதான். வறண்ட, சூடான நாட்களில் சில புற்றுகள் வழக்கம்போல் ஆட்களை வெளியே அனுப்பின. சில புற்றுகள் ‘இன்று வேண்டாம்’ என்று அடக்கி வாசித்தன. பல ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, அதிக மகள் புற்றுகளை உண்டாக்கியவை அடக்கி வாசித்தவை என்று தெரிந்தது (2013). எந்த நாளில் வெளியே போகக் கூடாது என்று தெரிந்திருப்பதும் உழைப்பில்தான் சேரும். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழியை நான் பழிக்கவில்லை. எறும்பு தினமும் ஊர்வதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கண்ணால் பார்க்கக்கூடிய எறும்பு வேண்டும் என்றால் நம் ஊர் முசுறு இருக்கிறது. மாமரத்திலும் கொய்யாவிலும் இலைகளை ஒட்டிப் பந்து பந்தாகக் கூடு கட்டும் செம்பழுப்பு எறும்பு. அது கூடு கட்டும் நாளில் மரத்தடியில் நின்று பார்க்க வேண்டும். ஓர் இலையின் ஓரத்தில் எறும்புகள் வரிசையாக நின்று, பின்னங்கால்களை ஊன்றி, எதிர் இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுக்கும். இலை எட்டாத தூரத்தில் இருந்தால் ஓர் எறும்பின் இடுப்பை இன்னொன்று கவ்வ, அதன் இடுப்பை மற்றொன்று கவ்வ, எறும்புச் சங்கிலியே பாலமாகிவிடும். இரண்டு இலைகளும் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் பழைய கூட்டிலிருந்து வெள்ளைப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு வரும். வளர்ந்த முசுறுக்குப் பட்டு நூல் சுரக்காது. அதன் புழுவுக்குத்தான் சுரக்கும். புழுவைக் கோந்துப் புட்டி போல வாயில் பிடித்து, இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல் என்று மாறி மாறித் தொட, இரண்டுக்கும் இடையே வெள்ளை நூல் ஓடும். வேறு பல எறும்பு இனங்களில் புழு அந்தப் பட்டைத் தனக்கான உறையாகச் சுற்றிக்கொள்ளும். முசுறுப் புழு தன் பங்கு நூலையெல்லாம் கூட்டுக்குக் கொடுத்துவிட்டு உறை இல்லாமலே கூட்டுப்புழு ஆகிறது. வீட்டில் கைக்குழந்தையின் சம்பளத்தில்தான் கூரை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

முசுறிடம் எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம் உண்டு. அதன் ஆட்சிக்குட்பட்ட மரங்களின் எல்லை ஓரத்தில் காவல் கூடுகள் இருக்கும். பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை வந்தால் முதலில் களம் இறங்குவது அந்தக் கூடுகளில் இருப்பவை. அங்கே இருப்பவை வயது முதிர்ந்த எறும்புகள். இளசுகள் நடுக்கூட்டில் குஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும். தேனீயிலும் ஏறத்தாழ இதுதான் ஏற்பாடு: ஆபத்து நிறைந்த வெளிவேலை வயதான தேனீக்களுக்கு. மனிதர்கள் போருக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதைப் பேச்சுப் போட்டியில் சொல்லலாமா வேண்டாமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனீயின் ஒற்றுமைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வாதம் அதிகம், ஏனென்றால் தேனீயிடம் கற்க வேண்டியது, ஒற்றுமை வருவதற்கு முன்னால் நடக்கும் சண்டை. 1949இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஆய்வாளர், பிரிந்து வந்து ஒரு புதரில் கொத்தாகத் தொங்கிய தேனீக் கூட்டத்தைக் கவனித்தார். கொத்தின் மேல் சில தேனீக்கள் நடனமாடிக்கொண்டிருந்தன. பூந்தாது எதையும் அவை சுமந்து வரவில்லை, உடம்பெல்லாம் அழுக்கு. ஒன்றின் மேல் புகைக்கரி, இன்னொன்றின் மேல் செங்கல் தூள். வீடு தேடிப் போய் வந்த சாரணத் தேனீக்கள் என்று லிண்டவர் புரிந்துகொண்டார். ஒன்று புகைபோக்கிக்குள் நுழைந்து பார்த்திருக்கிறது, மற்றது செங்கல் சுவரின் பொந்துக்குள். ஒவ்வொன்றும் தான் பார்த்த இடத்தை மற்றவற்றுக்குச் சொல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி இதை விரிவாக ஆராய்ந்தார். மரங்கள் அதிகம் இல்லாத ஒரு தீவுக்குத் தேனீக் கூட்டங்களை எடுத்துப்போய், பல பெட்டிகளை வைத்து, எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பார்த்தார். சில நூறு சாரணர்கள் நாலா பக்கமும் போகிறார்கள். நல்ல இடம் பார்த்து வந்தவர் நிறையச் சுற்று ஆடுகிறார். சுமாரான இடம் பார்த்தவர் கொஞ்சமாக. அந்த ஆட்டத்தைப் பார்த்த தேனீ உடனே தானும் ஆடத் தொடங்குவதில்லை. முதலில் அந்த இடத்துக்குப் பறந்துபோய், உள்ளே நுழைந்து, சுவர்களில் நடந்து பார்த்து, தனக்கும் பிடித்திருந்தால் மட்டும் திரும்பி வந்து ஆடுகிறது. யாரோ அனுப்பிய செய்தியை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பும் பழக்கம் அதற்கு இல்லை.

இதைவிட வியப்பு, ஒவ்வொரு தேனீயும் முறை வைத்துத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வது. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் சுற்றுகள் குறைந்து, கடைசியில் அது ஆடுவதை நிறுத்திவிடும். தோற்றதால் நிறுத்துவதில்லை, தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டதால் நிறுத்துகிறது. பிடிவாதக்காரர் ஒருவர் கூட்டத்தை நாள் முழுவதும் கட்டிப்போட அங்கே வழியில்லை. எதிர்த்தரப்பு ஆடும்போது தலையால் முட்டி, சிறு ஒலி எழுப்பி ‘போதும்’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு என்று 2012இல் சீலியும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது சாரணர்கள் கூடிவிட்டால் முடிவு எடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருப்பதில்லை. இதில் ராணித் தேனீ எந்த இடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் கொத்தில் ஒரு பயணி, அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இந்தப் பத்தியை நான் விளக்க வேண்டியதில்லை.

வெறுமனே சேர்ந்து போவதையே ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பூச்சியில் சாட்சி இருக்கிறது. இறக்கை முளைக்காத பாலைவன வெட்டுக்கிளிக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் அணிவகுத்துப் போகும். பார்க்க ராணுவம் போல் இருக்கும். ஆராய்ந்து பார்த்தால், பின்னால் வருவது தன்னைக் கடித்துத் தின்றுவிடும் என்ற நெருக்கடி ஒவ்வொன்றையும் முன்னால் தள்ளுகிறது.

மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த இன்னொரு கதை, ஊர்வலப் புழுக்கள். பைன் மரத்தில் வாழும் ஒரு கம்பளிப்புழு இனம், முன்னால் போவதன் பின்னால் ஒட்டிக்கொண்டு, அது விட்டுப் போகும் நூல் தடத்தில் வரிசையாக நடக்கும். ஃபாப்ர் அவற்றை ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் வட்டமாக நடக்கவிட்டார். நடுவில் உணவு இருந்தும் அவை சுற்றிச் சுற்றி நடந்து பட்டினியால் செத்துப்போயின, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு யாரையும் பின்பற்றாதீர்கள் என்று கதை முடியும். கைத்தட்டல் விழும்.

ஃபாப்ர் எழுதி வைத்தது அப்படி முடியவில்லை. 1896 ஜனவரி இறுதியில் தொடங்கிய அந்த ஊர்வலம் ஏழு நாள் நடந்தது. முந்நூறு சுற்றுக்கும் மேல். இரவில் கடும் குளிர் வந்தபோது புழுக்கள் வரிசையைக் கலைத்துக் குவியலாக ஒட்டிக்கிடந்தன. விடிந்ததும் நடக்கத் தொடங்கியபோது சில புழுக்கள் விளிம்பைவிட்டு விலகி நின்றன. களைப்பால் வரிசை அங்கங்கே அறுந்தது. அறுந்த ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு புழு இருந்தாக வேண்டும் அல்லவா? அதுவரை யாரையோ தொடர்ந்துகொண்டிருந்த புழு திடீரென்று தலைவராகி, தலையை அங்குமிங்கும் ஆட்டி வழி தேடியது. எட்டாம் நாள் அவை தொட்டியிலிருந்து இறங்கிக் கூட்டுக்குப் போய்விட்டன. கேலிக்கு ஆளான அந்தப் புழுக்கள் பிழைத்தது வரிசை குலைந்ததால். செத்துப்போன புழுக்களின் கதையைவிட இது நல்ல கதை என்பது என் எண்ணம். ஆனால் ‘களைத்துப்போனவர்களாலும் ஒதுங்கி நின்றவர்களாலும்தான் தப்பித்தோம்’ என்று சுவரொட்டி அச்சிட முடியாதே.

சாணி உருட்டும் வண்டையும் ஃபாப்ர் விடவில்லை. ஒரு வண்டு உருட்டும் உருண்டையை இன்னொரு வண்டும் சேர்ந்து தள்ளுவதைப் பார்த்து, நட்புக்கு இலக்கணம் என்று முன்னோர் வியந்திருந்தார்கள். உதவிக்கு வந்தவர் சமயம் பார்த்து உருண்டையைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார் என்று ஃபாப்ர் காட்டினார். இந்தத் திருட்டுக்குப் பயந்துதான் வண்டு சாணிக் குவியலிலிருந்து நேர்கோட்டில் விரைந்து விலகுகிறது. அந்த நேர்கோட்டை நிலவில்லாத இரவில் பால்வீதியின் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று 2013இல் தென்னாப்பிரிக்காவில் சோதனை செய்து நிறுவினார்கள். வண்டுக்குச் சின்ன அட்டைத் தொப்பி போட்டு வானத்தை மறைத்ததும் அது தடுமாறி வளைந்து வளைந்து போனது. இதிலிருந்து பாடம் எடுக்க எனக்கு ஆசையில்லை. வண்டுக்குத் தொப்பி தைத்த மனிதர்களை மட்டும் நினைத்து மகிழ்ச்சி அடைகிறேன்.

பட்டாம்பூச்சிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூட்டிலிருந்து வெளிவரத் தவிக்கும் பட்டாம்பூச்சிக்கு இரக்கப்பட்டு ஒருவர் கூட்டை வெட்டிவிட, அது பறக்க முடியாமல் போயிற்று. போராட்டம்தான் இறக்கைக்கு வலு தருகிறது என்பார்கள். உங்கள் வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம். முதலில் பறவை எச்சம் போல் ஒரு புழு இலையில் ஒட்டியிருக்கும். சில நாளில் பச்சை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒன்றை நீட்டிக் கெட்ட வாடை அடிக்கும். பிறகு ஒரு குச்சியில் இடுப்புக்கு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெளிவரும் நாளில் ஓடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே மடிந்த இறக்கையின் நிறம் தெரியும். ஓடு பிளந்து வெளிவர அதிக நேரம் ஆகாது. வெளிவந்தது கசங்கிய துணி போன்ற இறக்கையும் பருத்த வயிறுமாக இருக்கும்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அது ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டு தொங்க வேண்டும். வயிற்றிலிருந்து திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி, மெல்ல மெல்ல விரித்து, காய வைக்கும். உறிஞ்சுகுழலும் அப்போது இரண்டு பாதியாகத்தான் இருக்கும்; சுருட்டி நீட்டி ஒன்றாக இணைத்துக்கொள்ளும். தொங்க இடம் கிடைக்காமல் தரையில் விழுந்துவிட்டாலோ, யாராவது அப்போது கையில் எடுத்துவிட்டாலோ இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும். ஆக, வளரும் பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டால் அவ்வளவு நல்லது என்று சொல்லப் பட்டாம்பூச்சியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. வெளியே வந்த பிறகு பற்றிக்கொள்ள ஒரு குச்சியும், யாரும் தொடாத கொஞ்ச நேரமும் வேண்டும் என்பதுதான் அது சொல்லும் சாட்சி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை உரக்கச் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை. பூச்சி செய்வதெல்லாம் நமக்கு வழிகாட்டி என்று இழுத்துக்கொண்டே போனால் ஆபத்து. குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் பெண் தேனீக்கள் ஆண் தேனீக்களைக் கூட்டைவிட்டு விரட்டிப் பட்டினியில் சாகவிடும். உங்கள் கறிவேப்பிலைச் செடியின் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஒரு சிறு துளை வழியே பொடிக் குளவிகள் வெளியே வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். உள்ளேயிருந்ததைத் தின்று வளர்ந்தவை அவை. புழுவின் உயிருள்ள உடலில் முட்டையிட்டு வளரும் இப்படிப்பட்ட குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று டார்வினே 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார். குளவியிடமிருந்து ஒழுக்கம் கற்க வேண்டாம். அதைப் பார்த்தால் போதும்.

போட்டிக்கு வருவோம். ஐந்து நிமிடப் பேச்சில் இத்தனையும் அடங்காது, அடக்கவும் கூடாது. ஒரே ஒரு பூச்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதையை முதல் ஒரு நிமிடத்தில் சொல்லி, பார்த்தவர்கள் கண்டதை அடுத்துச் சொன்னால் பேச்சு தானாக நகரும். ஊர்வலப் புழு அதற்கு நன்றாகப் பொருந்தும். அதைவிட நல்லது, அவளே பார்த்த ஒன்று. செடிக்கு மருந்து அடிக்காமல் விட்டால் கறிவேப்பிலையில் புழு வரும். பத்து நாள் அளவுக்குக் கூட்டுப்புழுவாக இருக்கும். பட்டாம்பூச்சி பெரும்பாலும் காலையில் வெளிவரும் என்பதால் பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்த்துவிடலாம். புட்டியில் அடைக்க வேண்டாம். தேதியும் பார்த்ததும் ஒரு நோட்டில் எழுதட்டும்; என்ன பாடம் என்பதை அப்போதே எழுத வேண்டியதில்லை. மாமரம் இருந்தால் முசுறையும் பார்க்கலாம், ஆனால் கிளையைத் தொட்டுக்கொண்டோ சாய்ந்துகொண்டோ நிற்கக் கூடாது. அது கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். கட்டாயம் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.